பூ மண்டிக் கணக்கை ஏன் மறைக்க வேண்டும்? முதல் வேலை தேடும் பட்டதாரிகள் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 2-6-2024

திருமங்கலம் பக்கம். மதுரையில் பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. வேலைவாய்ப்பு முகாம், கன்சல்டன்சி, தெரிந்தவர் சிபாரிசு எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறினால் முதல் நிமிடத்திலேயே கழித்துவிடுகிறார்கள். அப்புறம் கேட்கும் கேள்விகள் சும்மா மரியாதைக்கு. நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்தாலும் அவர்கள் மனத்தில் நிற்க முடியாது. மறுப்பவர் இருந்தால் சொல்லுங்கள்.

3-6-2024

மறுக்கிறேன். கப்பலூர்ப் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் பணியாளர் பிரிவில் வெகுகாலம் இருந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

ஆங்கிலத்தால் கழிந்தவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் கழிந்தது வேறு காரணத்தால். அவர்கள் எழுந்து போன பிறகு அவர்களைப் பற்றிப் பேச எங்களிடம் ஒன்றும் இருக்காது. மாலையில் மூன்று பேர் உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்போம். "இந்தப் பையன் யார்?" என்பார் மேலாளர். "நீலச் சட்டை" என்பார் இன்னொருவர். அன்று வந்ததில் பாதிப் பேர் நீலச் சட்டை.

பயோடேட்டாவும் அதே லட்சணம். கல்லூரி வாசலில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் ஏற்கெனவே ஒரு மாதிரி கிடக்கும். பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி அச்செடுத்துக்கொள்கிறார்கள். குறிக்கோள்: என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவது. பொழுதுபோக்கு: புத்தகம், பாட்டு, கிரிக்கெட். ஒரு முறை ஒரே கல்லூரியிலிருந்து வந்த இருவருக்குத் தந்தை பெயர் ஒன்றாக இருந்தது. அண்ணன் தம்பியா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் தெரியவே தெரியாதாம். மூலப் பிரதிக்குச் சொந்தக்காரன் யாரோ. அவனுடைய அப்பா இன்னும் எத்தனை பேருக்குத் தந்தையாக இருக்கிறாரோ.

லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2018-ல் ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தது. ஒரு பயோடேட்டாவின் மேல் முதல் பார்வை நிற்பது சராசரி 7.4 விநாடி. எங்கள் அலுவலகத்தில் டீ வரத் தாமதமானால் அந்த ஏழு விநாடியும் கிடையாது.

4-6-2024

ஊரே வாக்கு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு நேற்று எழுதியதன் பாக்கி இருக்கிறது.

கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். பி.காம்., மதிப்பெண் சுமார். கேட்டதற்கெல்லாம் பாடப் புத்தக வரையறை ஒப்பித்தாள். தேய்மானம் என்றால் என்ன, இருப்புநிலைக் குறிப்பு என்றால் என்ன என்று வரிவரியாக வந்தது. பயோடேட்டாவில் 'அனுபவம்: இல்லை'. முடித்து அனுப்பும் நேரத்தில் எங்கள் கணக்கு மேலாளர் பொழுதுபோகாமல் "அப்பா என்ன செய்கிறார்?" என்றார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சின்னதாகக் கமிஷன் மண்டி. "அப்படியா, இன்றைக்கு மல்லி என்ன விலை?" என்று கேட்டுவைத்தார்.

அதுவரை மேசை விளிம்பைப் பார்த்துப் பேசிய பெண் நிமிர்ந்தாள். காலையில் என்ன விலைக்குத் திறந்தது, பத்து மணிக்கு ஏன் இறங்கியது, நாளை மறுநாள் முகூர்த்தம் என்பதால் நாளைக்கு எப்படி ஏறும் என்று சொல்லிக்கொண்டே போனாள். மேலாளர் பேனாவைத் திறந்தார்.

பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்து மண்டியின் அன்றாடக் கணக்கு அவள் கையில். விடிவதற்குள் விவசாயிகள் பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். எடை போட்டுச் சீட்டு எழுத வேண்டும். விலை மணிக்கு ஒன்றாக மாறும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கடன். விவசாயிக்குப் பட்டுவாடா செய்யும்போது கமிஷனையும் முன்பே வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதியையும் கழிக்க வேண்டும்.

முதல் கேள்வி: என்ன செய்வாய்? சொன்னாள். இரண்டாவது: முன்பணத்தை எப்படிக் கழிப்பாய், ஒரே அடியாகவா? இல்லை சார், பூ வரத்து குறைந்த மாதத்தில் அப்பா பிடிக்கமாட்டார், அதற்குத் தனி நோட்டு என்றாள். மூன்றாவது: சாயங்காலம் கணக்கு இடிக்கிறது, எங்கே தேடுவாய்?

"முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பேன் சார். மீதியில்லாமல் போனால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு தேடுவேன்."

540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. எந்த இரண்டு இலக்கத்தை அடுத்தடுத்து மாற்றி எழுதினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். பழைய கணக்குப்பிள்ளைகளின் கைவேலை. மண்டியில் இருந்த வயதானவர் சொல்லிக்கொடுத்தாராம். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். "அது வீட்டு வேலைதானே சார்" என்றாள்.

வேலை அவளுக்குத்தான். அன்று மாலைப் பட்டியலில் "இது யார்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பிள்ளைகளிடம் சரக்கு இல்லாமல் இல்லை. கௌரவக் குறைச்சல் என்று நினைத்து நல்ல சரக்கை வீட்டில் வைத்துவிட்டு, பிரவுசிங் சென்டரில் வாங்கிய சரக்கைக் கொண்டுவருகிறார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது.

4-6-2024, இரவு

"என் அப்பாவுக்கு மண்டி இல்லை, கூலி வேலை, நான் எதை எழுதுவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். ஜல்லிக்கட்டுக்கு இணையவழிப் பதிவு வந்த பிறகு, அவன் தெருவில் காளை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அவன்தான் பதிவு செய்துகொடுக்கிறான். கால்நடை மருத்துவர் சான்று, காளையோடு உரிமையாளர் நிற்கும் படம், ஆதார், எல்லாவற்றையும் கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும். பதிவு திறந்திருப்பது கொஞ்ச நேரம்தான். படம் ஏறாமல் திரும்பினால் தெருவே அவன் வீட்டு வாசலில் நிற்கும். ஆவணப் பிரிவில் ஆள் தேடுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவம் என்ன வேண்டும்? 'பொழுதுபோக்கு: கிரிக்கெட்' என்று எழுதியிருந்தான்.

கோயில் நன்கொடைக் கணக்கு, டியூஷன் எடுத்தது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஐம்பது பேருக்குச் சமையல் சாமான் வாங்கியது, துணிக்கடையில் தீபாவளி மாதம் நின்றது. ஏதோ ஒன்று இருக்கும். மூன்று கேள்வி தாங்குமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். தாங்கினால் எழுதுங்கள்.

6-6-2024

ஒருவர் "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல் வெறும் 7 சதவீதம். உட்காரும் விதத்திலேயே வேலை முடிவாகிவிடும் என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார்" என்கிறார்.

சொல் 7, குரல் 38, உடல்மொழி 55 என்ற இந்தக் கணக்கு மதுரையில் எந்தக் கல்லூரிக் கருத்தரங்கு மண்டபத்துக்குப் போனாலும் திரையில் ஓடும். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை ஒட்டுப்போட்டு வந்த எண். ஒற்றைச் சொற்களை விதவிதமான தொனியில் பதிவுசெய்து, முகப்படங்களோடு சேர்த்து, பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று கேட்பவர்களைக் கணிக்கச் சொன்ன சோதனை அது. உணர்ச்சியையும் மனநிலையையும் பற்றிய பேச்சுக்குத்தான் இந்தக் கணக்கு, எல்லாப் பேச்சுக்கும் அல்ல என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். சொல்லுக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு என்றால் ஜப்பான்காரன் ஜப்பானிய மொழியில் பேசுவதில் 93 சதவீதம் நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்காருங்கள், கையை மேசைக்கு அடியில் ஒளிக்காதீர்கள், அவ்வளவு போதும். அதற்குக் கட்டணம் கட்டி இரண்டு நாள் பயிற்சி தேவையில்லை.

9-6-2024

இன்று குரூப் 4. எங்கள் தெரு முனைப் பள்ளியும் தேர்வு மையம். காலையில் எட்டு மணிக்கே கூட்டம். 6,244 இடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு மூன்று வருடம் டிஎன்பிஎஸ்சி படித்துவிட்டுத் தனியார் வேலைக்கு வருகிறவர்கள் அந்த வருடங்களைக் குற்றம் செய்ததுபோல் மறைக்கிறார்கள். "உடம்பு சரியில்லை", "அப்பாவுக்கு உதவியாக இருந்தேன்". அடுத்த கேள்வியில் சாயம் வெளுக்கும். நேராகச் சொல்லுங்கள்: இத்தனை வருடம் படித்தேன், முதல்நிலையில் தேறினேன், முதன்மைத் தேர்வில் போய்விட்டது, இனி எழுதப்போவதில்லை. அல்லது எழுதுவேன், ஆனால் வேலையோடுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பயம், பயிற்சி கொடுத்து முடித்ததும் பணிநியமன ஆணை வந்து நீங்கள் கிளம்பிவிடுவீர்களா என்பதுதான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலை திறந்ததிலிருந்து மூடும்வரை உட்கார்ந்து படித்தவனுக்கு ஒரே இடத்தில் நிலைத்து உட்காரத் தெரியும். எங்கள் தணிக்கைப் பிரிவுக்கு அது அரிய குணம்.

12-6-2024

இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "ஆலைக்காரர் பேச்சைக் கேட்டு ஆங்கிலம் வேண்டாம் என்று பிள்ளைகள் நினைத்துவிடப் போகிறார்கள். எங்கள் இடத்தில் முதல் சுற்றே தொலைபேசியில் ஆங்கிலம்."

அவர் சொல்வது அவர் நாற்காலிக்குச் சரி. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுவதே தொழில் என்றால் ஆங்கிலம்தான் அங்கே கருவி. கருவி இல்லாமல் கொத்தனார் வேலைக்குப் போக முடியாது. ஆனால் கணக்கு, உற்பத்தி, ஆய்வகம், கொள்முதல் போன்ற இடங்களில் கேட்பது வேறு ஆங்கிலம். வந்த மின்னஞ்சலைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு வரியில் பிழையில்லாமல் பதில் எழுத வேண்டும். நாங்கள் சரளத்தைச் சோதித்ததில்லை. ஒரு சரக்குப் புகார்க் கடிதத்தைக் கையில் கொடுத்து, "இதில் என்ன கேட்கிறார்கள், என்ன பதில் போடுவீர்கள், எழுதுங்கள்" என்போம். சரளமாகப் பேசியவர்கள் பலர் அந்தத் தாளில் சிக்கினார்கள்.

பேச்சில் தடுமாறினால் ஒரு வழி. "இதைத் தமிழில் விளக்கலாமா சார்?" என்று அனுமதி கேளுங்கள். விளக்கி முடித்ததும் அதன் சாரத்தை ஒரே வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் தயார் செய்யலாம். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் சரிந்துவிடும்.

தமிழ் வழியில் படித்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010-ல் சட்டமே வந்தது. தனியார் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றாலும் கூசுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

13-6-2024

ஷூ பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சுத்தமாக இருந்தால் போதும். இரவல் ஷூ வேண்டாம். நடை காட்டிக்கொடுக்கும், கவனம் முழுக்கக் காலிலேயே இருக்கும்.

20-6-2024

மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒழுங்கான இடங்களில் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். நாங்கள் அப்படி மாறியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் மேலாளர் தம் ஊர்க்காரனையும் தம் கல்லூரிக்காரனையும் பிரியமாகக் கேட்பார், மற்றவர்களைக் குடைந்து எடுப்பார். ஆய்வாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் வெளியிட்ட கட்டுரையில், செய்து காட்டச் சொல்லும் சோதனையும் ஒரே வரிசையில் கேட்கும் நேர்காணலும் மேலே நின்றன. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணல் பின்தங்கியது. 2022-ல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கை மறுபடி போட்டு எண்களைக் குறைத்தார்கள்; ஆனாலும் ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் முதலிடத்துக்கு வந்தது.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? கேள்விக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு மதிப்பெண் என்றால் ஒரு கேள்வியில் தடுமாறியதோடு கதை முடிவதில்லை. பலர் இரண்டாவது கேள்வியில் சறுக்கியதும் முகம் செத்துப்போய், மீதி எட்டுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். தாளில் பார்த்தால் அந்த எட்டுக் கட்டம்தான் காலி.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்குப் பெயர், ஊர், அப்பா அம்மா, தம்பி தங்கை எல்லாம் வேண்டாம். அது தாளில் இருக்கிறது. மண்டிக் கணக்கில் தொடங்குங்கள்.

28-6-2024

கொஞ்சம் தடம் மாறுகிறேன். ஆனால் இதனால் வேலை தள்ளிப்போனவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் பெயரும் இனிஷியலும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால்; ஆதாரில் முன்னால்; பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து நிற்கும்; வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. ழகரம் உள்ள பெயர் என்றால் ஆங்கிலத்தில் ஒரு ஆவணத்தில் ஒரு விதம், இன்னொன்றில் வேறு விதம். பெரிய நிறுவனங்கள் சான்றிதழ் சரிபார்ப்பை வெளியாரிடம் விடுகின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர் வடக்கே எங்கோ இருப்பார். அவருக்கு இனிஷியல் என்ற வழக்கமே புதிது. இருவேறு ஆட்கள் என்று குறித்துத் திருப்பிவிடுவார். பணியில் சேரும் தேதி தள்ளும். சில சமயம் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போகும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். வேலை தேடும் காலத்திலேயே செய்துவிடுங்கள், கிடைத்த பிறகு அல்ல. இணையப் படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டால் எல்லாப் படிவத்திலும் ஒரே விதமாக நிரப்புங்கள்.

மின்னஞ்சல் முகவரியையும் இதோடு பாருங்கள். அபிமான நடிகரின் பட்டப்பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த முகவரியைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னபோது ஒரு பையன் வியர்த்துவிட்டான். எங்கள் மேலாளர் அதே நடிகரின் ரசிகர் என்பது அவனுக்குத் தெரியாது.

7-7-2024

பொறியியல் பிள்ளைகளுக்கு ஒன்று. இறுதியாண்டு புராஜெக்ட்டை விலைக்கு வாங்காதீர்கள். வாங்கியதை எங்களிடம் கொண்டுவந்து விற்காதீர்கள்.

தலைப்பு மட்டும் அரைப் பக்கம் இருக்கும்: செயற்கை நுண்ணறிவு, பொருள்களின் இணையம், மேகக் கணிமை எல்லாம் ஒரே வாக்கியத்தில். முதல் கேள்விக்குப் பதில் அட்டையிலிருந்து வரும். இரண்டாவதுக்கு உள்ளே இருந்து வரும். "இந்த உணரியை ஏன் இங்கே பொருத்தினீர்கள்?" என்றால் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து செய்ததாகச் சொல்லும் வேலையில் ஒருவனுக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு நேர்மாறாக ஓர் இயந்திரவியல் பையன். விடுதியில் மாடித் தொட்டி நிறைய நேரம் ஆகிறது என்று எல்லோரும் புலம்பியபோது, இவன் மோட்டார் ஓடும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவந்திருக்கிறான். காலையில் போடும்போது மட்டும் வெகுநேரம் தண்ணீர் ஏறாமல் வெறுமனே ஓடுகிறது, பகலில் போட்டால் உடனே ஏறுகிறது. இரவு முழுக்க நின்றால் குழாயில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது என்று யூகித்து, குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைக் கழற்றச் சொல்லியிருக்கிறான். வால்வின் இருக்கையில் ஒரு சின்னக் கல் மாட்டியிருந்ததாம். அந்த நோட்டையே கொண்டுவந்திருந்தான், கிரீஸ் விரல் ரேகையோடு. எங்கள் பராமரிப்புப் பொறியாளர் நோட்டைக் கையில் வாங்கியவர் இருபது நிமிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவனுக்கு அரியர் இரண்டு இருந்தது. அதைப் பற்றி நாங்கள் கேட்டோம், மறைக்காமல் சொன்னான், எப்போது எழுதப்போகிறான் என்றும் சொன்னான்.

14-7-2024

"அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம். இந்த வட்டத்தை எங்கே உடைப்பது?"

அப்ரண்டிஸ் பயிற்சியில் உடைக்கலாம். அதற்கான தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்தது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் உள்ளே வந்தார்கள். இப்போது கலை, அறிவியல், வணிகப் பட்டதாரிகளும் சேரலாம். ஒரு வருடம். 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கிறது. நிறுவனத்துக்குச் செலவு குறைவு என்பதால் உங்களை உள்ளே விடத் தயக்கமும் குறைவு.

9,000 ரூபாய் மதுரையில் வீட்டிலிருந்து போய்வருகிறவனுக்குத் தாங்கும். வெளியூரில் அறை எடுத்தால் தாங்காது. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வருடம் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களிடம் அரைமணி நேர நேர்காணலில் நிரூபிக்க என்ன மிச்சம் இருக்கிறது? எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

'நான் முதல்வன்' சான்றிதழ்களை எப்படிக் காட்டுவது என்று இன்னொரு கேள்வி. 2022-ல் தொடங்கிய திட்டம். பயனுள்ள பாடங்கள் அதில் உண்டு. ஆனால் ஃபைலில் பதினைந்து சான்றிதழ் அடுக்கினால் நாங்கள் ஒன்றை உருவி, "இதில் என்ன கற்றீர்கள்?" என்று கேட்போம். உருவுவது எது என்று உங்களுக்குத் தெரியாது. மூன்று கேள்வி தாங்குகிறதை மட்டும் வையுங்கள்.

21-7-2024

பெண்களிடமிருந்து ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது: "கல்யாணம் எப்போது என்று கேட்டால் என்ன சொல்வது?"

கேட்கக் கூடாத கேள்வி. எங்கள் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனாலும் வாய் சும்மா இருக்காதவர்கள் எங்கள் மேசையிலும் இருந்தார்கள். கோபப்பட்டால் கோபக்காரி என்பார்கள், சிரித்து மழுப்பினால் மேலும் குடைவார்கள். ஒரு பெண் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "இந்த வேலைக்கு எத்தனை வருடம் தொடர்ந்து இருப்பேன் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன் சார். குறைந்தது மூன்று வருடம் இருந்து செலவுக் கணக்கியல் தேர்வை முடிக்க வேண்டும் என்பது என் திட்டம்." கேட்டவர் தாளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

அப்படியும் விடாமல் கேட்கும் இடம் என்றால், உள்ளே போன பிறகு எப்படி நடத்துவார்கள் என்பதை இப்போதே காட்டிவிட்டார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

4-8-2024

"உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்றால் "இல்லை சார், நன்றி சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். கேளுங்கள். முதல் மூன்று மாதம் யாருக்குக் கீழே வேலை? இந்த இடம் ஏன் காலியானது? இரண்டாவது கேள்விக்கு எங்கள் மேலாளர் சில நொடி யோசித்துத்தான் பதில் சொல்வார். கேட்டவர் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரமும் போடுவார்.

சம்பளத்தைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் எண்ணைப் புரிந்து கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 பிடித்தம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் இன்னொரு 1,800-ஐயும் சேர்த்து 'மொத்தம்' என்று சொல்வது வழக்கம். சொன்ன எண்ணில் 3,600 கைக்கு வராது. மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், நிறுவனம் 3.25 கட்டுகிறது. "கைக்கு எவ்வளவு வரும் சார், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?" என்று கேட்கிற பையனை எந்த நல்ல முதலாளியும் தவறாக நினைத்ததில்லை. கணக்குப் பிரிவுக்கு வருகிறவன் இதைக் கேட்காவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

11-8-2024

மேலூரிலிருந்து ஒருவர்: வேலை உறுதி என்கிறார்கள், ஆனால் அசல் சான்றிதழ்களை இரண்டு வருடத்துக்கு ஒப்படைக்க வேண்டுமாம், 'காப்புத் தொகை' என்று 15,000 ரூபாயும் கட்ட வேண்டுமாம்.

இரண்டையும் கொடுக்காதீர்கள். அசலைக் காட்டலாம், அவர்கள் சரிபார்த்ததும் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு, கையொப்பமிட்ட ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். வேலைக்கு வருகிறவரிடம் பணம் கேட்கிற இடத்தில் வேலை இருக்காது. கோ.புதூரில் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது. அங்கே தனியார் முகாம்கள் நடக்கும்போது கட்டணம் எதுவும் கிடையாது. மாநில அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம்.

அந்த நிறுவனத்தின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறீர்கள். நான் கேள்விப்பட்டதில்லை. நாளை அவர்கள் தொலைபேசியில் அழைத்தால் ஆலையின் முகவரியையும், ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரோடு பேச முடியுமா என்பதையும் கேளுங்கள். முகவரி கொடுத்தால் மேலூரிலிருந்து ஒரு பஸ் ஏறிப் போய் வாசலையும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.